மைதானத்துப் பிள்ளைகளும் வேலையும்: வாசகர் கேள்விகள்

முன்னாள் விளையாட்டு வீரர்கள், வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக இருந்து அவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன. பதில் அளிப்பவர்கள், விளையாட்டுப் பயிற்சியிலும் வேலைவாய்ப்பு வழிகாட்டுதலிலும் உள்ள குழுவினர்.

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலையில் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். மாநில அளவில் ஆடியவன். 17 முதல் 22 வயது வரை 20 பையன்கள் வருகிறார்கள். பாதிப் பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார்கள், முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போகிறார்கள். இவர்களுக்கு ஒரு நிலையான வேலை அமைய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பயிற்சியாளர் வேறு, வழிகாட்டி வேறு என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரே பையனுக்கு இரண்டாகவும் நீங்களே இருந்தால் வேலை நடக்காது. களத்தில் எந்த 7 பேர் இறங்குவது என்று முடிவு செய்பவர் நீங்கள். உங்கள் முன்னால் எந்தப் பையனும் "எட்டாவதோட நின்னுட்டேண்ணே" என்றோ, "அப்பா வாங்கின கடனுக்கு என் கூலிதான் போகுது" என்றோ வாய் திறக்க மாட்டான். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு இருக்கும். அந்த உண்மைகள் தெரியாமல் வேலைக்கு வழி காட்டவும் முடியாது.

ஆகவே, உங்களோடு ஆடி இன்று வேறு ஏதாவது வேலையில் இருக்கும் 3, 4 பேரைக் கேளுங்கள். போலீஸ்காரர், மின்வாரிய ஊழியர், மில் சூப்பர்வைசர், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் என்று கலந்து இருந்தால் நல்லது. ஒருவருக்கு 5 பையன்கள், மிஞ்சினால் 6. அதற்கு மேல் போனால் வாரம் ஒருமுறை தனியாகப் பேச நேரம் கிடைக்காது. தனியாகப் பேசும் அந்த 15 நிமிடம் இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் கூட்டம்தான்.

12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 2 நாள், பயிற்சி முடிந்ததும் மைதானத்திலேயே 40 நிமிடம். வகுப்பறைக்குக் கூட்டிப் போகாதீர்கள். பள்ளியில் தோற்று வெளியே வந்த பிள்ளைகள் பெஞ்சைப் பார்த்ததும் இறுகிப் போவார்கள். வியர்வை காய்வதற்குள் உட்கார்ந்து பேசினால் பேச்சு தானாக வரும்.

முதல் 3 வாரம் முழுக்கக் காகித வேலை. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஆதார், மதிப்பெண் சான்று, டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், 4 பாஸ்போர்ட் அளவுப் படம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வேலை கையருகே வந்து நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், மதிப்பெண் சான்றில் முன்னால் இருக்கும். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மற்றொன்றில் ஓர் எழுத்துதான் இருக்கும். பிறந்த தேதி ஒன்றுக்கொன்று முட்டும். இப்படி இருந்தால், மதிப்பெண் சான்றில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள். சான்றை ஆதாருக்கு ஏற்ப மாற்றுவது நீண்ட அலைச்சல். ஆதாரில் பெயரை 2 முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அவசரப்பட்டுத் தப்பாகக் கொடுத்துவிட்டால் மறுபடி மாற்றுவது பெரும்பாடு. ஆதார் மையத்துக்குப் போகும் நாளில் வழிகாட்டியும் கூடப் போக வேண்டும். திரையில் தெரியும் எழுத்துகளைச் சான்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் சரி என்று சொல்ல வேண்டும்.

செல்போன் எண்ணும் அப்படித்தான். ஆஃபர் வந்தால் சிம்மை மாற்றிவிடுகிறார்கள். ஆதார் ஓ.டி.பி., வங்கிச் செய்தி, விண்ணப்பப் பதிவு எல்லாம் பழைய எண்ணில் கிடக்கும். நேர்முகத்துக்கு அழைத்த குறுஞ்செய்தியும் அங்கேதான் போகும். ஒரே எண்ணைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருப்பது இந்த 12 வாரத்தின் முதல் விதி. மின்னஞ்சல் முகவரியைச் சொந்தப் பெயரில் தொடங்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை ஃபைலுக்குள் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும்.

4-ஆம் வாரத்திலிருந்து பையனுக்குப் பையன் பாதை பிரியும். பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடம் நின்றவனுக்குத் துணைத் தேர்வு. எட்டாவது மட்டும் முடித்தவனுக்குத் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு இதற்கு மேல், தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பத்தாவது முடித்தவனுக்கு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) வழி இருக்கிறது. உடனே சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற வீட்டுப் பையனிடம் "ரெண்டு வருஷம் படி" என்பது அவனை விரட்டுவதற்குச் சமம். அவனுக்கு முதலில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உள்ள ஒரு வேலை. படிப்பைத் தனித்தேர்வராகப் பின்னால் முடிக்கலாம்.

6-ஆம் வாரத்துக்குள் ஒரு தொழிற்கூடத்தையோ அலுவலகத்தையோ நேரில் காட்டிவிடுங்கள். கேட்டில் பெயர் எழுதுவது, அடையாள அட்டை மாட்டுவது, ஷிஃப்ட் மாறும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது, இவையே பாதிப் பயத்தைப் போக்கிவிடும். கடைசி 4 வாரம் விண்ணப்பத்துக்கும் நேர்முகப் பழக்கத்துக்கும்.

யாருக்கும் "வேலை வாங்கித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எந்தப் பெயரிலும் பெற்றோரிடம் பணம் வாங்காதீர்கள், யாரையும் வாங்க விடாதீர்கள்.

சேர்ந்த புதிதில் 15 பேர் வருகிறார்கள். ஐந்தாவது வாரத்தில் 6 பேர்தான் மிச்சம். அக்கறை இல்லை என்று விட்டுவிடுவதா? (கால்பந்து மன்றப் பொறுப்பாளர், திருவள்ளூர்)

அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர்களின் வருமான நாட்களைப் பாருங்கள். கேட்டரிங் வேலைக்குப் போகும் பையனுக்கு முகூர்த்த நாள் என்றால் முதல் நாள் மாலையிலிருந்தே வேலை. நீங்கள் சனிக்கிழமை மாலை கூட்டம் வைத்திருந்தால் அவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். வர மாட்டான், வரச் சொல்வதும் நியாயமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கும் மாதங்கள் அவை. காகித வேலை நடக்கும் முதல் வாரங்களை ஆடியிலோ மார்கழியிலோ தொடங்கிப் பாருங்கள், வருகை கூடும். மற்ற மாதங்களில் காலண்டரில் முகூர்த்த நாட்களை வட்டமிட்டுவிட்டு மிச்ச நாட்களில் வையுங்கள்.

இன்னொரு காரணம் பசி. 5 மணிக்கு வேலை முடிந்து, 6 மணிக்கு ஓடி, 7 மணிக்கு உட்கார்ந்தால் தலையில் எதுவும் ஏறாது. ஆளுக்கு ஒரு கப் சுண்டலும் 2 முட்டையும் செலவுக் கணக்கில் முதல் வரியாக இருக்கட்டும். அச்சடித்த டி-ஷர்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வராதவனுக்கு மறுநாளே போன் போக வேண்டும், அதுவும் அவனுடைய வழிகாட்டியிடமிருந்து. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவன் மனதில் விலகியாகிவிட்டது. "ஏன் வரல?" என்று தொடங்காமல், "ஆதார் திருத்தம் வந்துச்சா?" என்று பாதியில் நிற்கும் வேலையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வராததற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பழக்கம் பல மன்றங்களில் இருக்கிறது. வேலைக்கான கூட்டத்துக்கு அதைக் கொண்டுவரவே கூடாது. கூனிப்போய் நிற்கும் பிள்ளை அடுத்த வாரம் ஆட்டத்துக்கும் வராது.

வியாசர்பாடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. புகழ்பெற்ற வீரர் ஒருவரை அழைத்துப் பேச வைத்தோம். பிள்ளைகள் 2 நாள் உற்சாகமாக இருந்தார்கள், பிறகு எல்லாம் பழையபடி. வெளிநாடுகளில் இது வெற்றி பெறுகிறது என்கிறார்களே?

அங்கேயும் ஒரு நாள் பேச்சால் யாருக்கும் வேலை கிடைப்பதில்லை. பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2008-இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற சர்வதேச வீரர்களுக்கு வழிகாட்டும் பயிற்சி கொடுத்து, படிப்பும் வேலையும் இல்லாமல் நிற்கும் இளைஞர்களோடு தொடர்ந்து பழக வைப்பது அதன் முறை. ஒரு முறை மேடையேறிப் பேசிவிட்டுப் போவது அதில் இல்லை. கென்யாவின் மதாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. பகுதியைச் சுத்தம் செய்யும் வேலையில் கலந்துகொள்ளும் அணிக்கு லீக் புள்ளி உண்டு. பொறுப்பெடுத்து ஒரு வேலையை முடிப்பது அங்கே ஆட்டத்தின் ஒரு பகுதியே ஆகிவிட்டது.

உங்கள் பகுதியில் கால்பந்து ஆடாத தெரு கிடையாது. அதே தெருக்களில் ஆடி, இன்று வேலையில் இருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் கட்டாயம் இருப்பார்கள். நட்சத்திர வீரரை விட அவர்கள்தான் உங்களுக்கு வேண்டும். அவர்களுடைய வீடு எது, அம்மா என்ன வேலை செய்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். "அவங்களால முடிஞ்சுதுன்னா..." என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கும். புகழ்பெற்றவரை 12-ஆம் வாரத்தில், முதல் சம்பளம் வாங்கியவர்களைப் பாராட்ட அழையுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. ஆண்டுதோறும் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

என் மகனிடம் 22 சான்றிதழ்கள் இருக்கின்றன. "நேஷனல்" என்றே 5 சான்றிதழில் அச்சாகியிருக்கிறது. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் நிராகரிக்கிறார்கள். எங்கே தப்பு? (ஒரு தந்தை, தென்காசி)

உங்கள் மகனின் ஆட்டத்தில் தப்பு இருக்க வாய்ப்பில்லை. போட்டியை யார் நடத்தினார்கள், சான்றில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதில் தப்பு இருக்கலாம். இதைப் பல பெற்றோர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மத்திய அரசுப் பணிகளுக்கு வண்ணத்தாளில் அச்சடித்த சான்றிதழ் மட்டும் போதாது. அதோடு குறிப்பிட்ட படிவம் வேண்டும். இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 1, அந்த விளையாட்டின் தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்திடுவார். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர் தருவார். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்து. தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் படிவம் 4, பள்ளிக் கல்வித் துறையின் இயக்குநர் நிலையில் உள்ளவரிடமிருந்து வர வேண்டும். படிவம் 5 தேசிய உடல்திறன் இயக்கத்துக்கானது, அது உங்களுக்குத் தேவைப்படாது.

இப்போது அந்த 5 "நேஷனல்" சான்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். மேலே இருக்கும் அமைப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த தேசிய சம்மேளனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் அந்தப் பெயர் இருக்கிறதா? ஒரே விளையாட்டுக்கு இரண்டு மூன்று அமைப்புகள் ஏறக்குறைய ஒரே பெயரில் இயங்கும். ஒரு சொல் முன்பின்னாக இருக்கும். அங்கீகாரம் ஒன்றுக்குத்தான். ஆளுக்குச் சில ஆயிரம் நுழைவுக்கட்டணம் வாங்கிக்கொண்டு, தேர்வுப் போட்டியே இல்லாமல் நேரடியாகத் "தேசியப் போட்டி"க்கு அழைத்துப் போனார்கள் என்றால், அந்தச் சான்று பெரும்பாலும் எங்கும் செல்லாது. மாவட்டத்தில் தேர்வு, மாநிலத்தில் தேர்வு, பிறகு மாநில அணி என்ற வரிசையில் போயிருந்தால் மட்டும் நம்பலாம். அப்போதும் அங்கீகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கலந்துகொண்டதற்கும் இடம் பிடித்ததற்கும் உள்ள வித்தியாசம். மத்திய அரசு முன்னுரிமையில் முதலில் இந்தியாவுக்காக ஆடியவர்கள். பிறகு தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடி முதல் 3 இடங்களுக்குள் வந்தவர்கள். அதன் பின் பல்கலைக்கழக அளவில் முதல் 3 இடம், அதன் பின் பள்ளி அளவில் முதல் 3 இடம். ஆடினார், ஆனால் பதக்கம் இல்லை என்பவர்கள் கடைசி வரிசையில்தான் வருவார்கள். கல்லூரியில் சேர்ந்த பிள்ளை பல்கலைக்கழக அணிக்கு ஆடுவதைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். இந்த வரிசையைப் பார்த்தால் அது எவ்வளவு மதிப்புள்ளது என்று புரியும்.

மூன்றாவது, தேதி. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில், அறிவிப்பில் குறிப்பிடும் ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த போட்டிகளை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். ஏறக்குறைய கடைசி 2 நிதியாண்டுகளும் நடப்பு ஆண்டும்தான் அதற்குள் வரும். பழைய பதக்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உதவாது. பதக்கம் வாங்கி "டிகிரி முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று 4 ஆண்டு காத்திருந்து வாய்ப்பை இழப்பவர்கள் ஏராளம். ரயில்வே தேர்வில் மொத்தம் 100 மதிப்பெண். களத்தேர்வுக்கு 40, சாதனைக்கு 50, கல்விக்கு 10. களத்தேர்வின் 40-இல் 25 எடுத்தால்தான் தகுதி. காயத்தோடு போனால் 50 மதிப்பெண் சாதனையும் வீண். கல்விக்கு 10 தானே என்று படிப்பையும் விட வேண்டாம். பத்தாவதா, பன்னிரண்டாவதா, பட்டமா என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சம்பள நிலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது அமையும்.

தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காவலர், எஸ்.ஐ. தேர்வுகளில் 10 சதவீதம். ஒவ்வோர் அறிவிப்பிலும் எந்தப் போட்டி, எந்தப் படிவம், எந்தத் தேதி என்று தனித்தனியாக இருக்கும். பழைய அறிவிப்பை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

உங்கள் வீட்டு மேசையில் பரப்பிய சான்றுகளை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். படிவம் வாங்கக்கூடியவை ஒன்று, மற்றவை இன்னொன்று. முதல் அடுக்கில் 2 தான் தேறினாலும் மனம் உடைய வேண்டாம். அந்த இரண்டுக்கும் படிவத்தை இப்போதே வாங்குங்கள். சங்கங்களில் நிர்வாகிகள் மாறுவார்கள், வழக்கு வரும், அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்படும். அப்புறம் கையெழுத்து வாங்க ஆள் இருக்காது. போட்டி முடிந்த 2 மாதத்துக்குள் படிவம் ஃபைலில் இருக்க வேண்டும் என்பதை வழிகாட்டிகள் விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அடுக்கும் குப்பை இல்லை. தனியார் வேலைக்கான விண்ணப்பத்தில் அதற்கு இடம் உண்டு. அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கோவில்பட்டி. ஹாக்கி ஆடுகிறேன், பி.காம். முடித்துவிட்டேன். ரெஸ்யூமில் 11 போட்டிகளை எழுதியிருக்கிறேன். தனியார் நிறுவனத்தில் அதைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார்கள். எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம், மாற்றி எழுதுங்கள் தங்கச்சி. எந்த ஊரில் எந்தக் கோப்பைக்கு ஆடினீர்கள் என்பது அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு ஒன்றும் சொல்லாது. அந்தப் போட்டிகளுக்காக நீங்கள் என்ன பொறுப்பைச் சுமந்தீர்கள் என்பதுதான் சொல்லும். 11 வரியை 3 வரியாக்குங்கள்.

"பல்கலைக்கழக ஹாக்கி அணி வீராங்கனை" என்று மட்டும் இருப்பதை, "3 ஆண்டு பல்கலைக்கழக ஹாக்கி அணி, வாரம் 6 நாள் காலை 5.30 மணிப் பயிற்சியோடு பட்டப்படிப்பை அரியர் இல்லாமல் முடித்தேன்" என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால். "துணைக் கேப்டன்" என்பதை, "18 பேர் அணியின் ரயில் டிக்கெட், சாப்பாட்டுச் செலவுக் கணக்கை எழுதி, பில்லோடு கல்லூரியில் ஒப்படைத்தேன்" என்று எழுதுங்கள். பி.காம். வேலைக்கு இந்த வரி எந்தக் கோப்பையை விடவும் பேசும். அணியில் இப்படி ஒரு பொறுப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால், அடுத்த போட்டிக்கு நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டிகள் இதைத் திட்டமிட்டே செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கணக்கு, ஒரு பிள்ளைக்குக் கருவிகளின் பொறுப்பு, ஒரு பிள்ளைக்கு ஸ்கோர் ஷீட், ஒரு பிள்ளைக்கு ஊரில் உள்ளவர்களோடு பேசி மைதானம் ஏற்பாடு செய்வது. 2 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நேர்முகத்தில் "டீம் ஒர்க் கத்துக்கிட்டேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். அதோடு நிறுத்தினால் கேட்பவருக்கு எதுவும் பிடிபடாது. ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்லுங்கள். என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று மூன்றே கட்டம். "கோல்கீப்பருக்குக் காய்ச்சல், மாற்று ஆள் இல்லை. டிஃபென்ஸ்ல ஆடுற ரெண்டு பேரை முதல் நாள் சாயங்காலம் பேட் கட்டிப் பழக்கினோம். 1-0ல தோத்தோம், ஆனா ஆட்டத்தை விட்டுக்கொடுக்கல" என்ற அளவில் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஜெயித்த கதைதான் வேண்டும் என்றில்லை. தோற்றதை அழுத்தம் இல்லாமல் சொல்லத் தெரிந்தவர் மேல் நம்பிக்கை வரும்.

வழிகாட்டி இதைச் செல்போனில் வீடியோ எடுத்து, கேட்பவரும் பேசியவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒரே கேள்வியை 4, 5 முறை எடுத்தால்தான் பதில் நிலைக்கும். ஆட்டத்தில் ஒரே ஷாட்டை எத்தனை முறை அடிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். மன்றம் அனுப்பிய பையன்கள் உடல் உழைப்பில் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் 2 மாதத்தில் பாதிப் பேர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். ஏன்?

முதல் காரணம் சம்பளத் தேதி. 3-ஆம் தேதி சேர்ந்தவனுக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிதான் சம்பளம் என்றால், 35 நாள் கையில் காசில்லாமல் இருக்க வேண்டும். அதற்குள் அறை அட்வான்ஸ், சாப்பாடு, பஸ். கூலி வேலையில் அன்றன்றைக்குக் காசு பார்த்துப் பழகியவனுக்கு இது பெரிய அடி. நீங்கள் முதல் மாதம் மட்டும் 15 நாளில் ஒரு முன்பணம் தர ஏற்பாடு செய்ய முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். முடியாவிட்டால் மன்றம் ஒரு சிறு சுழல்நிதி வைத்து, ஆளுக்கு 4,000, 5,000 ரூபாய் கொடுத்து 3 தவணையில் திரும்ப வாங்கலாம்.

இரண்டாவது, பிடித்தம். "15,000 சம்பளம்" என்று சொல்லியிருப்பீர்கள். முழுத் தொகைக்கும் பி.எஃப். கணக்கிட்டால் 12 சதவீதம் 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. இதை யாரும் முன்னமே விளக்கவில்லையென்றால், பையன் ஏமாற்றப்பட்டதாக நினைப்பான். வேலைக்குச் சேரும் முன்பே வழிகாட்டி ஒரு சம்பளச் சீட்டைக் காட்டி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் இ.எஸ்.ஐ. எப்படி உதவும் என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, திட்டு. கோச் கத்தினால் தாங்குவான், தன் நல்லதுக்கு என்று தெரியும். சூப்பர்வைசர் எல்லார் முன்பும் கத்தினால் மறுநாள் வர மாட்டான். சூப்பர்வைசர்களிடம் நீங்கள் பேச வேண்டும். பையனிடம் வழிகாட்டி பேச வேண்டும். சேர்ந்த முதல் நாள் இரவு, முதல் வாரக் கடைசி, பிறகு 2, 4, 8, 12-ஆம் வாரங்களில் போன் போனால் "நின்னுடலாம்னு இருக்கேன்" என்ற வார்த்தை முன்கூட்டியே காதில் விழும்.

போட்டிக்கு விடுப்பு உண்டா, இல்லையா என்பதையும் சேரும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லை என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. சொல்லாமல் விட்டால், மாவட்டப் போட்டி வரும் வாரத்தில் அவன் போய்விடுவான்.

பெண் பிள்ளைகளுக்கு ஆண் வீரர் வழிகாட்டியாக இருக்கலாமா? பெற்றோர் தயங்குகிறார்கள். (உடற்கல்வி ஆசிரியை, நாமக்கல்)

அந்தத் தயக்கம் நியாயமானது. முதல் தேர்வு பெண் வழிகாட்டிதான். திருமணமாகி ஆட்டத்தை விட்ட வீராங்கனைகள் பலர் கேட்டால் வருவார்கள். மாலை 4 முதல் 6 வரை, பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதி என்று வைத்தால் இன்னும் எளிது.

ஆணோ பெண்ணோ, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு பழகும் எல்லாருக்கும் சில விதிகளை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். தனியாகப் பேசுவது மற்றவர்கள் பார்வையில் படும் இடத்தில் மட்டும். தனிப்பட்ட வாட்ஸ்அப் கூடாது, பெற்றோரில் ஒருவர் இருக்கும் குழுவில் மட்டும் செய்தி. வெளியூருக்குப் போனால் பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம். பரிசு, பணம் தனியாகக் கொடுக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ மைதானச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். பிள்ளைகள் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே, அந்தக் குற்றங்களிலிருந்து அவர்களைக் காக்கும் போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரியது என்பதைப் பொறுப்பாளர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். மன்றத்தின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

விளையாட்டையே தொழிலாக்க ஆசைப்படும் பிள்ளைக்கு என்ன வழி? (வாசகர், கரூர்)

1961-இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் ஓராண்டுப் பயிற்சியாளர் டிப்ளமோவும் 6 வாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. 6 வாரச் சான்று தனியார் பள்ளி, அகாடமி வேலைகளுக்கு உதவும். ஆனால் அதை வைத்து அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக முடியாது, அதற்கு உடற்கல்விப் பட்டம் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காலத்தை இழப்பவர்கள் அதிகம். நடுவர் தேர்வு எழுதுவது கைச்செலவுக்கு நல்லது. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

எங்கள் மன்றத்தில் முன்னாள் தேசிய வீரர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் அவர் மேல் உயிராக இருக்கிறார்கள். ஆனால் அவருக்கே நிலையான வேலை இல்லை. அவரை வழிகாட்டியாகப் போடலாமா? (மன்றச் செயலாளர், மதுரை)

போடலாம், இரண்டு ஏற்பாடுகளோடு. முதலாவது, அவர் வரும் நாட்களுக்குச் சம்பளம் கொடுங்கள். அவர் உழைப்பைச் சேவை என்ற பெயரில் இலவசமாக வாங்குவது, வேலைக்கு மதிப்பு உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இடத்தில் பொருந்தாது. 12 வாரம், வாரம் 2 நாள் என்றால் 24 நாள் ஊதியம். அதைத் திட்டச் செலவில் முன்கூட்டியே எழுதுங்கள். நன்கொடையாளரிடம் கேட்கும்போது பந்து, ஜெர்சிக்கு முன்னால் இந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அவருக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். அவருடைய படிவம், மதிப்பெண் சான்று, ஆதார் பெயர் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் செய்வது போலவே வேறொருவர் சரிபார்க்கட்டும். வயது வரம்பில் விளையாட்டு வீரர்களுக்கு மத்திய அரசுப் பணிகளில் 5 ஆண்டு வரை தளர்வு உண்டு, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 10 ஆண்டு. அவர் வயது 30-ஐ ஒட்டி இருந்தால் எந்த அறிவிப்பு அவருக்கு இன்னும் திறந்திருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பிள்ளைகள் விண்ணப்பிக்கும் நாளில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தன் விண்ணப்பத்தை நிரப்பட்டும். மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் அவருடைய 5 பிள்ளைகளை யார் எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்து எழுதி வையுங்கள்.